பன்னிரண்டாவது கட்டம்

தையல்காரரிடம் அளவு தப்பினால் ஜாக்கெட் பிடிக்கும், அவ்வளவுதான். என்னிடம் அளவு தப்பினால் ஆள் கீழே விழுவார்.

கடலூரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் பத்தொன்பது வருடமாக எனக்கு அளவெடுக்கும் வேலை. காலிபர், செயற்கைக் கால், சக்கர நாற்காலி, மூன்று சக்கர சைக்கிள் என்று மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு எதைக் கொடுத்தாலும், கொடுப்பதற்கு முன்னால் யாராவது ஒருவர் அவர்களை அளந்தாக வேண்டும். அரசு முகாம் போடும், எங்கள் நிறுவனத்தைக் கூப்பிடும், நான் டேப்போடு போவேன். என் பெயர் பிலோமினா. ஆனால் மாவட்டத்தில் பாதிப் பேருக்கு நான் 'டேப்பு மேடம்'தான்.

முகாம் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அட்டையின் இரண்டு பக்கமும் ஒரே தாளில் வர வேண்டும் என்று ஜெராக்ஸ் கடைக்குத் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறீர்களா? ஒன்றாம் நம்பர் மேஜையிலிருந்து நாலாம் நம்பருக்குப் போய், "மூணுல கையெழுத்து எங்க?" என்று கேட்கப்பட்டு மறுபடி வரிசையின் வாலில் நின்றிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான். இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கொடுத்த சாமானை ஆட்கள் வீட்டில் வைத்து என்ன செய்கிறார்கள் என்று போய்ப் பார்க்காவிட்டால் எனக்கு மனசு ஆறாது. அலுவலகத்தில் இதற்குத் 'தொடர் கண்காணிப்பு' என்று பெயர் கொடுத்து, பஸ் டிக்கெட்டையும் வாங்கிக்கொள்கிறார்கள். என் வீட்டுக்காரர் அதை வேறு மாதிரி சொல்வார்: "அடுத்த வீட்டை எட்டிப் பாக்குறதுக்கு உனக்குச் சம்பளம் வேற குடுக்குறாங்க."

பதினொரு கட்டம்

ரேவதியை நான் முதலில் பார்த்தது சிதம்பரத்தில், ஒரு கல்யாண மண்டபத்தில் போட்ட முகாமில். மணமேடையில் டாக்டர்கள், பந்தி போடும் கூடத்தில் நான். ஷேர் ஆட்டோ ஓட்டும் அவள் அண்ணன் குமார் அவளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார வைத்தான். அவளுக்கு இருபத்தாறு வயது. ஆறு வருடத்துக்கு முன்னால் மாடியிலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. வீட்டிலிருந்தபடியே தபால் வழியில் பி.காம். முடித்திருந்தாள். பேட்டரி சக்கர நாற்காலிக்கு மனு.

என் படிவத்தில் பதினொரு கட்டம் இருக்கும். இடுப்பு அகலம், தொடை நீளம், முழங்காலிலிருந்து பாதம், முதுகு உயரம் என்று போகும். இடுப்புக்கு இரண்டு பக்கமும் இரண்டு விரல் இடம் விட வேண்டும், கூடவும் கூடாது குறையவும் கூடாது. அந்தக் கணக்கில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். அளந்து முடித்து நிமிர்ந்ததும் ரேவதி, "மேடம், வீட்டுக்கு வந்து பாக்க மாட்டீங்களா?" என்றாள். "நாற்காலி வந்தப்புறம் கட்டாயம் வருவேம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். வரிசை வாசல் வரை நின்றது.

அவள் நகரவில்லை. ஊரில் ஒரு கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் வேலை சொல்லியிருக்கிறார்கள். கிளினிக்கில் சாய்தளம் உண்டு, கழிப்பறையும் வசதியாக இருக்கிறது. இப்போது இருக்கும் பெண் நிற்கப் போகிறாள். இரண்டு மாதம் கழித்து ஒன்றாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஒன்பது மணிக்கு மேஜையில் ஆள் இருக்க வேண்டும், இல்லையென்றால் வேலை இன்னொருத்திக்கு. "அதுக்குள்ள நாற்காலி வந்துடுமா?" என்று கேட்டாள். வராவிட்டால்தான் என்ன, அண்ணன் கொண்டுபோய் விட மாட்டானா என்று நான் விளையாட்டாகக் கேட்டேன். குமார் தலையை ஆட்டினான். அவள் ஆட்டவில்லை. "அண்ணன் தூக்கிட்டுப் போயி உக்கார வெச்சா நான் வேலைக்கு வந்தேன்னு ஆகாது மேடம், என்னை டெலிவரி பண்ணிட்டாங்கன்னுதான் ஆகும்."

டிராயரில் ஒரு காது

மங்கலம்பேட்டையில் அமீது பாய் ஒரு தையல்காரர். முந்தின வருடம் அவருக்குக் காது மிஷின் கொடுத்திருந்தோம். போய்ப் பார்த்தால் மிஷின் காதில் இல்லை, டிராயரில் பித்தான்களோடு கிடக்கிறது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. பள்ளிவாசலுக்குப் போட்டுக்கொண்டு போகிறார், வீட்டில் போட்டுக்கொள்கிறார், கடைக்கு வந்ததும் கழற்றிவிடுகிறார் என்று அவருடைய மகன் போட்டுக்கொடுத்தான். ஏன் என்று தெரிந்துகொள்ளாமல் நகர்வதில்லை என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

ஒரு பெண் வந்து, "பாய், ஜாக்கெட் என்னாச்சு?" என்றாள். பாய் காதைத் தொட்டுக் காட்டி அழகாகச் சிரித்தார். அவள் போய்விட்டாள். அடுத்து ஒருவர் வந்து பேன்ட்டைப் பற்றிக் கத்தினார். அதே சிரிப்பு. நடுவில் ரேவதி போன் செய்தாள். "வந்துடுச்சா மேடம்? இன்னும் ஒரு மாசம்கூட இல்ல." மூன்றாவது முறையாகக் கேட்கிறாள். வந்துவிடும் என்று சமாதானம் சொல்லிவிட்டுத் திரும்பினால், கல்யாணத் துணியோடு ஒரு குடும்பம் வாசலில் நின்று தங்களுக்குள் ரகசியமாகப் பேசிக்கொண்டிருக்கிறது. பாய் மிஷின் இல்லாமலேயே, "உள்ள வாங்க, உள்ள வாங்க!" என்று எழுந்தார். நான் முறைத்த முறைப்பில் அவரே ஒப்புக்கொண்டார்: "மிஷினை மாட்டுனா, எப்ப தருவீங்கன்னு கேக்குறது ரொம்ப ஜாஸ்தியா கேக்குதும்மா. வீட்டுல பரவால்ல, அங்க நான் யாருக்கும் துணி தைக்கிறதில்ல."

எதற்கும் அடிக்கும் குச்சி

செம்மங்குப்பத்தில் குடியிருக்கும் ஒரு பார்வையற்ற வரலாற்று ஆசிரியருக்கு, எதிரில் ஏதாவது இருந்தால் கைப்பிடி அதிரும் புதுவகைக் குச்சி வந்தது. எங்கள் நிறுவனத்துக் கூடத்தில் அதை வைத்து அவர் நடந்த அழகைப் பார்த்து எல்லாரும் கை தட்டினார்கள். ஒரு வாரம் கழித்து கடைத்தெருவில் அவர் பின்னாலேயே நடந்து பார்த்தேன். நிறுத்திய பைக், தள்ளுவண்டி, கரும்பு ஜூஸ் மிஷின், படுத்திருந்த மாடு, கடைக்காரர் முன்னால் இழுத்து வைத்த வெங்காய மூட்டை என்று குச்சி ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருந்தது. கை மரத்துப்போய் அவர் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பழைய வெள்ளைக் குச்சியைப் பையிலிருந்து எடுத்து விரித்தார். மிஷினில் கோளாறா சார் என்று கேட்டேன். "மிஷின் நல்லாத்தான் இருக்குது மேடம். இது எல்லாத்துக்கும் அடிக்குது. எதுக்கு அடிக்கலைன்னு சொன்னா நான் அந்தப் பக்கமா போயிடுவேன்."

கூடத்தில் மணல் இல்லை

கடலூர் முதுநகரில் அஞ்சலை மீன் விற்கிறாள். சின்ன வயதில் போலியோ வந்து சூம்பிய இடது கால். அதற்கு நான் அளந்து கொடுத்த காலிபர், அதாவது இரண்டு பக்கமும் கம்பி வைத்து அடியில் பூட்ஸோடு சேர்ந்த சாமான், எங்கள் பட்டறையிலேயே நன்றாக வந்த சாமான்களில் ஒன்று. துறைமுகத்துக்குப் பக்கத்தில் அவளைப் பார்த்தபோது எனக்கு மூச்சே நின்றுவிட்டது. பூட்ஸின் அடிப்பாகத்தைப் பிரித்து எறிந்துவிட்டு, பழைய ஸ்கூட்டர் டயரை அகலமாக வெட்டி ஆணி அடித்திருக்கிறாள். கம்பியெல்லாம் கருப்பு கிரீஸ்.

அளவை மாற்றினால் இடுப்பு போய்விடும், முதுகு போய்விடும் என்று நான் நடுத்தெருவில் கத்தினேன். அஞ்சலை பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு என் கையில் ஒரு மீன் கூடையைக் கொடுத்து, படகு ஒதுங்கும் இடம் வரை போய் வரச் சொன்னாள். ஆபீஸ் செருப்போடு பத்தடி நடப்பதற்குள் குதிகால் இரண்டும் மணலில் புதைந்து நான் சாய்ந்தேன். கூடையை மட்டும் அவள் பிடித்துக்கொண்டாள். அவளோ டயர் பூட்ஸில் அம்மி மாதிரி அசையாமல் நின்றாள். சாயும்போது என் முழங்கால் பிசகிக்கொண்டது, இன்றும் விட்டு விட்டு வலிக்கிறது. "உங்க ஹால்ல மணல் இல்லம்மா. நான் என்னா உங்க ஹால்லயா மீன் விக்கிறேன்?"

ஒன்றரை அங்குலம்

அஞ்சலை சொன்னதை நோட்டில் எழுதி, அலுவலகத்தில் படித்துக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைத்தேன். சிரித்ததோடு சரி. அதில் எனக்கும் ஒரு செய்தி இருந்தது என்று தோன்றவே இல்லை.

நாற்காலி வந்துவிட்டது! ஒன்றாம் தேதிக்கு ஐந்து நாள் முன்னால், புதன்கிழமை, கடலூரில் வைத்துக் கொடுத்தார்கள். ரேவதி கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள், ரிவர்ஸில் ஒரு தரம் வந்தாள். இருக்கை அவளுக்குக் கச்சிதமாக இருந்தது. நான் அதைப் பக்கத்திலிருந்தவர்களிடம் நாலு முறை சொன்னேன். குட்டியானை சரக்கு வண்டியில் பைக் ஏற்றுகிற அகலமான நீளப் பலகையைப் போட்டு நாற்காலியை ஏற்றினார்கள். நானும் வாக்குக் கொடுத்தபடி கூடவே சிதம்பரம் போனேன். ரேவதியின் அண்ணி ஏழு மாதக் கர்ப்பிணி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று ஆரத்தி எடுத்தார். ரேவதி நாற்காலியை வாசலுக்கு ஓட்டினாள். டக். கொஞ்சம் பின்னால் போய் நேராக வந்தாள். மறுபடியும் டக். நான் டேப்பை எடுத்தேன். நிலை இருபத்தைந்து அங்குலம், நாற்காலி சக்கரத்தோடு இருபத்தாறரை.

பத்தொன்பது வருடத்தில் நான் ஒரு வாசலைக்கூட அளந்ததில்லை. எத்தனை வீட்டு வாசலில் எத்தனை நாற்காலி இப்படி முட்டி நின்றதோ! "வெளியவே நிறுத்திக்கலாம், கொஞ்சம் ஒத்தாசை பண்ணி ஏத்திவிட்டா..." என்று குமார் இழுத்தான். ஆனால் அவன் விடியற்காலையிலேயே மார்க்கெட் சவாரிக்குப் போய்விடுகிறவன், அண்ணியால் தூக்க முடியாது. "நாற்காலி கட்டில் பக்கத்துல நின்னா நானே மாறிக்குவேன். வீட்டுக்குள்ள தவழ்றேன். தெருவுல தவழ மாட்டேன்" என்றாள் ரேவதி. நான் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என்னைத் தேற்றும்படி ஆயிற்று: "நீங்க என்னை அளந்தது கரெக்ட்டுதான் மேடம். ஊனம் இந்த வாசலுக்குத்தான். எனக்குக் குடுத்த மாதிரி இதுக்கும் எத்தனை பர்சன்ட்டுன்னு போட்டு ஒரு அட்டை வாங்கித் தர முடியுமா?"

தலைப்பு

வியாழக்கிழமை எங்கள் மேனேஜர் முன்னால் போய் நின்றேன். நல்ல மனுஷர். எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு விதிமுறைப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை புரட்டினார். அகலம் குறைந்த நாற்காலிக்கு மாற்றி எழுதலாம், வந்துசேர மூன்று மாதம் ஆகும். வாசலை அகலப்படுத்த? மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு அதே பக்கங்களை மறுபடி பார்த்தார். கதவு என்பது உபகரணமா, கட்டடமா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. உண்மையாகவே அக்கறையோடு யோசித்தார். சரி, இனிமேல் வருகிறவர்களுக்காவது படிவத்தில் வாசல் அகலத்துக்கு ஒரு கட்டம் சேர்ப்போம் என்றேன். படிவம் மேலிடத்திலிருந்து அச்சாகி வருகிறது, கட்டம் சேர்க்க நமக்கு அதிகாரம் இல்லை என்றார். கடைசியில் புத்தகத்தை மூடி வைத்தார்: "காலுக்குச் செலவுத் தலைப்பு இருக்கு, காதுக்குத் தலைப்பு இருக்கு, நாற்காலிக்கு இருக்கு. வாசலுக்கு இல்லையே மேடம். தலைப்பு இல்லாத ஒண்ணை நான் எந்த ஃபைல்ல வெப்பேன்?"

நேரம் பார்த்து வைத்த நிலை

வெள்ளிக்கிழமை மறுபடியும் சிதம்பரம். அது வாடகை வீடு. சொந்தக்காரர் ராஜமாணிக்கம் ஒரு ஓய்வுபெற்ற குமாஸ்தா, முன்பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார். நிலையைப் பெயர்த்துவிட்டு அகலமாக வைக்கலாமா, வேலையை நாங்களே முடித்துத் தருகிறோம் என்று கேட்டேன். அவர் என்னை வெளியே போகச் சொல்லவில்லை, அவ்வளவுதான். நல்ல நேரம் பார்த்து, நவதானியம் போட்டு, வீட்டுப் பெரியவர்கள் கை வைத்து நிறுத்திய நிலை. அதற்கப்புறம்தான் மகனுக்கு வேலை, மகளுக்குக் கல்யாணம். "அதுல உளி படக் கூடாதும்மா. உங்களுக்கு இது புரியாது" என்றார்.

எனக்கா புரியாது? எங்கள் வீட்டு நிலைக்குச் சர்ச்சிலிருந்து சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். அவர் தலை மறைந்ததும் என் மாமியார் மஞ்சள் பூசிப் பூ வைத்தார். இந்த மனிதர் இறங்கி வர மாட்டார் என்று தெரிந்துவிட்டது. உள்ளே ரேவதி கிளினிக்குக்குப் போட்டுப் போக எடுத்த சுடிதாரை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரம் வந்தால் ஒரு வியாதி உண்டு, கையில் டேப் இருந்தால் எதையாவது அளக்க ஆரம்பித்துவிடுவேன். அடுப்படியை அளந்தேன். கட்டிலை அளந்தேன். பக்கவாட்டுச் சுவரில் இருந்த ஜன்னலை அளந்தேன். முப்பத்தாறு அங்குலம். டேப்பைச் சுருட்டாமல் அப்படியே நின்றேன். ஜன்னலுக்கு வெளியே முருங்கை மரம் நிற்கும் காலி மனை, அதைத் தாண்டினால் தெரு. மனையும் ராஜமாணிக்கத்துடையதுதான்.

அவரை உள்ளே கூப்பிட்டேன். "ஐயா, நிலையைத் தொடவே இல்ல. இந்த ஜன்னலுக்கு நேரம் பாத்தீங்களா?" என்று கேட்டேன். மனிதர் ஜன்னலைப் பார்த்தார், நிலையைப் பார்த்தார், மேலே பல்லி ஏதாவது சொல்கிறதா என்றும் பார்த்தார். "ஜன்னலுக்கு யாரும்மா நேரம் பாக்குறாங்க? அது கொத்தனாரு அவன் இஷ்டத்துக்கு வெச்சது."

ஜன்னல் வாசலானது

சனிக்கிழமை காலை குமாரின் ஆட்டோ ஸ்டாண்டே அந்த மனையில் நின்றது. மேலே சுவரைத் தாங்கும் லிண்டல் ஏற்கெனவே இருக்கிறது, கீழே இருக்கும் செங்கல்லை எடுத்தால் போதும் என்று கொத்தனார் சொன்னதும் எனக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது. "மச்சான், கிரில்லைப் புடி", "ஏய் பாத்துடா, கால்ல போட்டுக்காத" என்று மதியத்துக்குள் சுவர் தரை வரை இறங்கிவிட்டது. நான் இந்த முறை எதையும் நம்பவில்லை. ரேவதியை நாற்காலியில் உட்கார வைத்து, கையைக் கைப்பிடியில் வைக்கச் சொல்லி, முழங்கை நீட்டிக்கொண்டிருப்பதையும் சேர்த்து அளந்தேன். முப்பது. பழைய கட்டடச் சாமான் விற்கும் இடத்தில் ஒரு மூன்றடிக் கதவு கிடைத்தது. வெளியே தரை எட்டு அங்குலம் இறக்கம். சிமென்ட் சாய்தளம் போட்டால் காய நேரமில்லை. குட்டியானைக்காரர் தன்னுடைய எட்டடிப் பலகையைக் கொண்டுவந்து போட்டு, சிமென்ட் காயும்வரை வைத்துக்கொள்ளச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்குப் போகவில்லை. பலகை ஆடாமல் இருக்க ஆப்பு அடித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் ராஜமாணிக்கம் கையில் ஒரு எலுமிச்சம்பழத்தோடு வந்தார். கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். பிறகு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். ஜன்னலாக இருந்தவரைக்கும் சரி, இப்போது இது வாசல். வாசல் என்று ஆகிவிட்டால் முதல் முறை தாண்டுவதற்கு நேரம் உண்டு. திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம்! குமார் சண்டைக்குக் கிளம்பிவிட்டான். "கிளினிக்கு தெறக்குறதே ஒன்பது மணிக்குத்தான்யா, எட்டரைக்குக் கெளம்புனா போதும்!" நானும் டேப்பைக் கையில் சுற்றிக்கொண்டு எழுந்தேன். ரேவதி எங்கள் இரண்டு பேரையும் உட்காரச் சொன்னாள். "ஐயா சொல்றபடியே ஏழரைக்கு முன்னாடி போயிடுறேன். ஆறு வருஷமா வீட்டுக்குள்ள காத்திருந்தேன், ஒன்றரை மணி நேரம் கிளினிக்கு வாசல்ல காத்திருக்க மாட்டேனா?"

பேரு, வயசு

திங்கட்கிழமை முதல் பஸ் பிடித்துப் போய் முருங்கை மரத்தடியில் நின்றேன். ஏழு இருபதுக்குக் கதவு திறந்தது. ரேவதி ஒரு கணம் நின்றாள். பிறகு விசையைத் தள்ளினாள். பலகை மெல்ல வளைந்து நிமிர்ந்தது. யாரும் அவளைத் தொடவில்லை. ஸ்டாண்டு பையன்கள்கூடக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். தெருவுக்கு வந்ததும் அவள் திரும்பிப் பார்க்காமல் வலது பக்கம் போனாள். அண்ணி அழுதார். நானும் நன்றாகவே அழுதேன், வெட்கம் என்ன இருக்கிறது.

ஆனாலும் என் கெட்ட பழக்கம் சும்மா இருக்குமா? ஒன்பதே காலுக்குக் கிளினிக்கில் எட்டிப் பார்த்தேன். ரேவதி மேஜைக்குப் பின்னால் இருந்தாள். எனக்கு முன்னால் நாலு பேர். என் முறை வந்ததும் வாயெல்லாம் பல்லாக அவள் முன்னால் நின்றேன். அவள் சிரிக்கவில்லை. "பேரு சொல்லுங்க" என்றாள். சொன்னேன். "வயசு?" இரண்டு வருடம் குறைத்துச் சொன்னேன். "என்ன தொந்தரவு?" முழங்கால், மணலில் பிசகியது என்றேன். பொய்யில்லை. "படி ஏற முடியுமா?" என்று அடுத்த கேள்வி வந்தது. எக்ஸ்ரே ரூம் மாடியில் இருக்கிறதாம். முடியாதவர்களை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் டாக்டர் கீழேயே வைத்துப் பார்த்து, வேறு ஏற்பாடு சொல்லி அனுப்பலாமாம். அவளுடைய நோட்டை எட்டிப் பார்த்தேன். பெயர், வயது, ஊர், தொந்தரவு என்று அச்சடித்த நாலு கட்டத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் போட்ட ஐந்தாவது கட்டம் ஒன்று இருந்தது. யார் சொல்லிப் போட்டாய் என்று கேட்டேன். "யாரும் சொல்லல மேடம். ஏழரைலேருந்து வெளியில சும்மாதான உக்காந்திருந்தேன், படி ஏற முடியாதவுங்க வந்தா என்னா பண்ணுவாங்கன்னு யோசிச்சேன், உள்ள வந்ததும் ஸ்கேல எடுத்து ஒரு கோடு போட்டுட்டேன்."

அன்று சாயங்காலமே அலுவலகத்தில் யாரிடமும் அதிகாரம் கேட்காமல், இருந்த படிவங்கள் அத்தனையிலும் ஸ்கேல் வைத்துப் பன்னிரண்டாவது கட்டம் போட்டு 'வாசல் அகலம்' என்று எழுதி முடித்தேன்; பத்தொன்பது வருடம் ஊரையே அளந்தும் எனக்கு வராத புத்தி, வேலைக்குச் சேர்ந்த முதல் கால் மணி நேரத்தில் அவளுக்கு வந்துவிட்டதே என்று கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.